சப்ளை இருக்கு... விளக்கு எரியுது!

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி. உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மேசையில் சாப்பாடு இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் இல்லை. நான் கட்டியது!

ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாங்கி, ஒவ்வொரு ஒயராகச் செருகி, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி, இந்த இரண்டு கையாலும் கட்டியது. வயது எழுபத்திரண்டு. கை இன்னும் நடுங்கவில்லை.

பக்கத்தில் மகள் மலர். பின்னால் மனைவி சரோஜா, கரண்டியோடு.

"நல்ல நேரம் பாத்தீங்களா?" என்றாள் சரோஜா.

"நான் பட்டனை அமுக்குறதுதான் நல்ல நேரம்" என்று சொல்லி அமுக்கினேன்.

காற்றாடிகள் சுற்றின. பெட்டிக்குள் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் – தீபாவளி மாதத்தில் சிராங்கூன் சாலை மாதிரி. உள்ளே இருக்கும் பெரிய பலகையின் ஓரத்தில், கடுகு அளவில் ஒரு மஞ்சள் விளக்கும் எரிந்தது. எனக்கு அதைப் பார்த்தவுடன் நிம்மதி. விளக்கு எரிகிறது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இல்லையா?

திரையைப் பார்த்தேன். கறுப்பு.

சற்று நேரத்தில் சிக்னல் இல்லை என்று சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அங்குமிங்கும் மிதந்தது. அதுவும் போய்விட்டது. மறுபடி கறுப்பு.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்பில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்... நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒயர் சுருள் தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு ஒயர்மேன். பிறகு சொந்தமாக எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட். இந்த ஊரில் நான் ஒயர் இழுத்த அடுக்குமாடி புளோக்குகளை எண்ணச் சொன்னால் எண்ண முடியாது. என்னிடம் மூன்று இஞ்சினியர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். மூவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்!

இப்படிப்பட்ட ஆள் வீட்டில் ஆயத்த கம்ப்யூட்டர் வாங்கலாமா?

மலர் வாங்கத்தான் நினைத்தாள். கடைகளின் உள்ளே மேசை, நாற்காலி, வெளிச்சம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவள் தொழில். பதினான்கு வருடம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவள், இரண்டு மாதத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டாள். நாற்பத்தோரு வயதில், இனிமேல் தனியாகச் செய்யப்போகிறேன் என்றாள். கம்பெனி கொடுத்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இருந்தது ஒரு பழைய லேப்டாப். அவள் வரையும் படங்களைத் திறந்தாலே அது விமானம் கிளம்பும் சத்தம் போடும்.

அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு, லிட்டில் இந்தியாவில் ஒரு இனிப்புக் கடை. முதலாளியம்மா கடையை மாற்றிக் கட்டுகிறார். மலரோடு சேர்த்து மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார். திங்கள் மதியம் மூன்று மணிக்குப் படங்களைக் காட்ட வேண்டும். கடைக்குள் நடந்து போவது போலத் தெரிகிற படங்கள். அவற்றைக் கம்ப்யூட்டர் தயாரித்து முடிக்கவே ஒரு முழு நாள் ஆகுமாம். அதாவது, ஞாயிறு மதியத்துக்குள் இந்தப் பெட்டி ஓடியாக வேண்டும். இல்லையென்றால் திங்கள் அவள் வெறுங்கையோடு போக வேண்டும்.

பாகங்கள் வாங்கிய கடையில் விற்பனையாளர் நல்லபடியாகத்தான் சொன்னார். "அங்கிள், நாங்களே சேர்த்து, ஓட்டிப் பார்த்து, நாளைக்குக் கையில் கொடுத்துவிடுகிறோம். தனிக் காசு வேண்டாம்."

மலர் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"வேண்டாம். நான் செய்றேன்."

"அப்பா, டைம் இல்ல பா..."

"கப்பலுக்கே கரண்டு கொடுத்தவன்மா நான். இது ஒரு பெட்டி!"

வெள்ளிக்கிழமை காலை லிட்டில் இந்தியா காப்பிக்கடையில் செல்லத்துரையிடமும் இதையே சொன்னேன். செல்லத்துரை என் நாற்பது வருட நண்பர். யாழ்ப்பாணக் குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே எனக்கும் அவருக்கும் எப்போதும் ஒரு போட்டி.

"நீ அஞ்சாங்கிளாஸ். அது கம்ப்யூட்டர். ரெண்டுக்கும் சரிப்பட்டு வருமா?" என்றார், தே தாரிக் டீயை ஊதிக்கொண்டே.

"நீங்க படிச்ச படிப்புக்கு ஒரு பல்பு மாத்த என்னைத்தானே கூப்பிட்டீங்க?" என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டார். நான் வென்றுவிட்டேன். ஆனால் வாயால் வென்றால் அடுத்து கையாலும் வெல்ல வேண்டுமே!

வெள்ளி மதியம் முழுக்க உட்கார்ந்து கட்டினேன். உள்ளே ஒயர்களை நான் அடுக்கிய அழகைப் பார்த்திருந்தால் நீங்களே கை தட்டியிருப்பீர்கள். ஒரு ஒயர்கூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. பெட்டியோடு தடியாக ஒரு மேனுவல் கொடுத்திருந்தார்கள். மேனுவல் படிக்கிறவன் கத்துக்குட்டி! நான் அதைத் தே கிளாஸுக்கு அடியில் வைத்தேன். மேசை கறையாகக் கூடாது பாருங்கள்.

சரி... சனிக்கிழமைக்கு வருவோம்.

"என்னாச்சு பா?" என்றாள் மலர்.

"ஒண்ணும் ஆகல. சப்ளை இருக்கு, விளக்கு எரியுது. திரையிலதான் கோளாறு."

திரையைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினேன். அழகாக வேலை செய்தது. அப்படியானால் ஒயர். ஒயரை மாற்றினேன். கறுப்பு. சுவரில் இருக்கும் பிளக்கை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். கரண்டு இருக்கிறது. மீட்டரை எடுத்தேன். பெட்டிக்குள் ஒவ்வொரு முனையிலும் வைத்தேன். எங்கும் குறையில்லை. எல்லா ஒயரையும் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கறுப்பு! மறுபடி பிடுங்கினேன்... எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

நடுவில் மலர் குனிந்து உள்ளே பார்த்தாள். "அப்பா, இந்த மஞ்ச லைட்டு என்ன?"

"அது எரிஞ்சா நல்லதும்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "வரிசையா நாலு லைட்டு இருக்குல்ல, அதுல ஒண்ணுதான் எரியுது?"

இங்கேதான் என் அனுபவம் பேசியது. பெரிய கட்டடங்களின் சுவிட்ச்போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள் இருக்கும். மூன்றும் எரிந்தால் மூன்று ஃபேஸிலும் கரண்டு வருகிறது என்று பொருள். ஒன்று அணைந்திருந்தால் ஓட வேண்டும். வீட்டுக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு ஒரே ஃபேஸ்தான்.

"இது வீட்டு மெஷின்மா. சிங்கிள் ஃபேஸ். ஒரு விளக்கு எரிஞ்சா போதும்!"

அவள் தலையாட்டினாள். கரண்டு விஷயத்தில் நான் சொன்னதை அவள் என்றுமே திருப்பிக் கேட்டதில்லை. எழுந்துபோய்ப் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். விமானம் கிளம்பியது.

மதியம் செல்லத்துரை போன் செய்தார். "என்னய்யா, மெஷின் ஓடுதா?"

என்ன சொல்வது? பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"விளக்கு எரியுது!" என்றேன்.

"அட பரவாயில்லையே" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் மலர் மூன்றாவது தடவையாக வந்து நின்றாள். விளக்கைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அதான் நல்லதுன்னு சொன்னேனே!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. மலர் வெளியே கிளம்பும் உடையோடு வந்தாள்.

"பதினொண்ணுக்கு டாக்ஸி புக் பண்ணிட்டேன் பா. கடைக்கே எடுத்துட்டுப் போறேன்."

"நான் கட்டினதை இன்னொருத்தன் பிரிக்கிறதா?"

"யார் பிரிச்சா என்ன பா? எனக்கு அது ஓடணும். அவ்வளவுதான்." நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் நீங்க நல்லதுன்னீங்க. வேலையப் பத்திச் சொன்னப்பவும் இப்படித்தான் பா."

எனக்குச் சுருக்கென்றது. என்ன சொன்னாள் வேலையைப் பற்றி?

ஞாபகம் வராமல் இல்லை. ஞாபகம் வந்ததால்தான் சுருக்கென்றது. ஒரு வருடமாகவே சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, அங்க என்னால முடியல. அப்பா, நான் வரையிறதுல வேற ஆள் பேரைப் போடுறாங்க. அப்பா, காலையில கம்பெனி வாசல் பார்த்தாலே திரும்பி ஓடிடலாம்னு தோணுது. நான் ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னேன்? "வேலை இருக்கு, சம்பளம் வருது, அப்புறம் என்னம்மா?" காப்பிக்கடையில் அவள் கம்பெனி பெயரைச் சொல்லி நான் பெருமையடித்த நாட்களும் அதே நாட்கள்தான்.

சப்ளை இருக்கு. விளக்கு எரியுது.

அவள் அறைக்குள் பையை அடுக்கப் போய்விட்டாள். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இது எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"நீயுமா? சப்ளை இருக்குன்னு அர்த்தம்."

"என் ரைஸ் குக்கர்லகூடத்தான் ரெண்டு விளக்கு. ஒண்ணு எரிஞ்சா சோறு வேகுது. இன்னொண்ணு எரிஞ்சா வெந்துடுச்சு. ரெண்டுக்கும் சப்ளைதானே? எது எதுக்குன்னு பக்கத்துலயே எழுதியிருக்கான் லா. இதுல எழுதலையா?"

அவள் போய்விட்டாள். அடுப்பில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது.

எழுதியிருக்கிறதா? நேற்றிலிருந்து அந்த விளக்கைப் பார்க்கிறேன். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை! கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. விளக்கை விடச் சின்னதாக, வெள்ளையில், நான்கு ஆங்கில எழுத்து.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வாரமாக எழுதுகிறேன்... சொன்னதில்லை.

தமிழை நான் பத்திரிகை பார்த்து எழுத்துக் கூட்டியே கற்றுக்கொண்டேன். ஆங்கிலம் அப்படி வரவில்லை. தனி எழுத்துகள் தெரியும். டேஞ்சர், எர்த், மெயின் – இதெல்லாம் படம் மாதிரி மனதில் இருக்கிறது. பார்த்தால் அடையாளம் தெரியும். வாக்கியமாக வந்தால் முடியாது. இதை வைத்துக்கொண்டு எப்படி கான்ட்ராக்ட் நடத்தினாய் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வசனம்தான்: "கண்ணாடிய வீட்ல மறந்துட்டேன். நீ படிச்சுச் சொல்லு." இஞ்சினியரிடம், வங்கியில், மலரின் பள்ளிக்கூடத்தில்... நாற்பது வருடம் இந்த வசனம் என்னைக் காப்பாற்றியது. மேனுவல் படிக்கிறவன் கத்துக்குட்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே – ஏன் என்று இப்போது புரிகிறதா?

"மலர்..." என்று கூப்பிட்டேன்.

தோளில் பையோடு வந்தாள்.

"இந்த நாலு எழுத்து என்னம்மா?"

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"கண்ணாடி மறந்துட்டீங்களா பா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது – இவளுக்கு எப்போதோ தெரியும் என்று. பள்ளிக்கூடத்துக் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டிய காலத்திலிருந்தே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே, நான் தப்பித்துப் போக 'கண்ணாடி' என்ற கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். இன்றைக்கும் பிடிக்கிறாள்.

"இல்லம்மா. போட்டிருக்கேன். படிக்கத்தான் தெரியல."

சொல்லிவிட்டேன். வீடு இடிந்து விழவில்லை. சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

பையை நாற்காலியில் வைத்தாள். குனிந்தாள். "டி–ஆர்–ஏ–எம். டிராம். மெமரி பா." தே கிளாஸைத் தூக்கினாள். மேனுவல் அட்டையில் வட்டமாகக் கறை. புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் வாசித்தாள்.

"ஸ்டார்ட் பண்ணும்போது நாலு லைட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு எரிஞ்சு அணையணுமாம். எது அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கோ, அங்கதான் ப்ராப்ளமாம்."

நான் விளக்கைப் பார்த்தேன். கடுகு அளவு. ஏறக்குறைய ஒரு நாள். எனக்கு இங்கே வலிக்கிறது, இங்கே வலிக்கிறது என்று எரிந்திருக்கிறது. நான் அதைக் காட்டியே எல்லோருக்கும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

மின்சாரத்தை நிறுத்தினோம். மெமரி என்பது இரண்டு மெல்லிய பட்டைகள். அவற்றை ஒரு நீளப் பள்ளத்தில் செருக வேண்டும். நான் பூப்போல வைத்திருந்தேன். செம்பவாங்கில் என் மண்டோர், அதாவது மேஸ்திரி, எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான் – பலவந்தமாக எதையும் அழுத்தாதே. அழுத்தினால் கப்பல்காரன் உன்னை அழுத்துவான்!

"பாதிதான் பா உள்ள போயிருக்கு. ரெண்டு முனையிலயும் 'டக்'னு சத்தம் வரணுமாம். அமுக்குங்க."

"உடைஞ்சிடும்மா..."

"டோண்ட் வொரி லா பா. தள்ளுங்க."

அவளே இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். பலகை லேசாக வளைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக். இன்னொரு முனை, டக். அடுத்த பட்டையிலும் அப்படியே.

பட்டனை அவளைத்தான் அமுக்கச் சொன்னேன்.

காற்றாடி சுற்றியது. சிவப்பு எரிந்து அணைந்தது. மஞ்சள் எரிந்தது. எரிந்தது... எரிந்துகொண்டே இருந்தது. புதுசுன்னா முதல் தடவை கொஞ்ச நேரம் எடுக்குமாம் என்று மேனுவலைப் பார்த்துச் சொன்னாள், குரலில் நம்பிக்கை இல்லாமல். சரோஜாவும் வந்து நின்றாள். மணி பத்தே கால். டாக்ஸிக்கு முக்கால் மணி நேரம்.

திடீரென்று மஞ்சள் போய்விட்டது.

"ஐயோ, விளக்கு அணைஞ்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

"அணைஞ்சாத்தான் பா நல்லது!"

திரையில் வெளிச்சம் வந்தது. மலர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதத்தில் அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைக்கூட அப்போதுதான் கவனித்தேன். டாக்ஸியை ரத்து செய்தாள். மதியத்துக்குள் வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்களுக்கு விளக்கு என்றாலே மங்களம்தான். எரிந்தால் நல்லது, அணைந்தால் கெட்டது. மனிதர்களையும் இப்படித்தான் பார்க்கிறோமோ? வேலைக்குப் போகிறான், சம்பளம் வாங்குகிறான், போன் செய்தால் எடுக்கிறான் – ஆள் நன்றாக இருக்கிறான்! அவன் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னால், பேசத் தெம்பு இருக்கிறதே என்று அதையும் நல்ல கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. சிலருக்குப் பார்க்க நேரமில்லை. என்னைப் போன்றவர்களுக்கு... படிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனமில்லை.

திங்கள் மதியம். படங்கள் தயார். மலர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "பயமா இருக்கு பா."

எல்லாம் நல்லபடியா நடக்கும்மா – இது என் வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எதுல பயம்?" என்று கேட்டேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடம் பேசினாள். பணம் கொடுக்கும் இடத்தை அவள் வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம். முதலாளியம்மா கடைசியில்தான் வேண்டும் என்பாராம். கம்பெனியில் இருந்தபோது, கேள்வி வந்தால் பதில் சொல்ல மேலே ஒருவர் இருப்பார். இப்போது இல்லை. பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது? எனக்கு இனிப்புக் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதையே சொன்னேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா. நேத்து நான் சொன்னேன்ல? ஒண்ணும் ஆகல."

சிரித்துக்கொண்டே போனாள்.

ஐந்து மணிக்கு வந்தாள். பணம் கொடுக்கும் இடத்தைப் பற்றித்தான் முதலாளியம்மா கேட்டாராம். இவள், "அது எனக்கு இன்னும் சரியாத் தெரியலம்மா, ஒரு நாள் உங்க கடையில நின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். மற்ற இரண்டு பேரும் இதே கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டார்கள் என்றாராம் முதலாளியம்மா. பிறகு இவளிடம், "சரி, புதன்கிழமை வந்து நில்லு. நின்னு பாத்துட்டே வேலைய ஆரம்பி" என்று சொல்லிவிட்டாராம்.

சரோஜா உடனே சாமி விளக்கை ஏற்றப் போனாள். அந்த விளக்கு எரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்போது பார்த்து செல்லத்துரை போன் செய்தார். "என்னய்யா, உன் கம்ப்யூட்டர்ல விளக்கு இன்னும் எரியுதா?"

"இல்லங்க. அணைஞ்சிடுச்சு. இப்பத்தான் நல்லா இருக்கு" என்றேன்.